களவா வயிற்றில் கிடந்தது பாம்பா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில், கடலிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு நகரத்தின் மீன் சந்தையில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் ஆண்டையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மீன் விற்ற அம்மா, வாங்கிய இரண்டு குடும்பத்தார், அன்று பணியில் இருந்த மருத்துவர், என் மாணவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவன். நன்னீர் மீன்கள் கொஞ்சம் தெரியும். கடல் விலாங்குகளில் தனிப் பயிற்சி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த குழப்பத்தில் ஒரு பங்கு என்னுடையது.

இந்தச் சந்தைக்கு மீன் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் ஐஸ் போட்டு வேனில் வரும். மத்தி, சூடை, கிழங்கான் தினமும் உண்டு. களவா எப்போதாவதுதான் வரும். விலை கூடுதல் என்றாலும் முள் குறைவு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்கள் தேடி வாங்குவார்கள். களவா பாறையடியில் பதுங்கிக் கிடந்து, எதிரில் வருவதை வாய் பிளந்து உறிஞ்சி முழுதாக விழுங்கும் மீன். மென்று தின்னும் பழக்கம் அதற்கு இல்லை. இங்கே நடந்தது எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தப் பழக்கம்தான்.

விழுங்கப்பட்டது எது என்பதற்கு வருமுன், நம் கரையில் விலாங்குகளுக்கு உள்ள பெயர்களைச் சொல்ல வேண்டும். ஆற்றில், குளத்தில் பிடிபடுவது விலாங்கு. பாறை இடுக்கில் வாய் திறந்து முறைப்பது அஞ்சாலை. இவை தவிர, மணலிலும் சேற்றிலும் புதைந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய குடும்பம் உண்டு. ஓபிக்திடே என்பது அதன் அறிவியல் பெயர். உலகெங்கும் 300க்கும் மேற்பட்ட இனங்கள். நூல்களில் ‘பாம்பு விலாங்கு’ என்று எழுதுகிறோம். சந்தையில் இதற்கு நிலையான பெயர் இல்லை, ஏனென்றால் சந்தைக்கே இது வருவதில்லை. இழுவலையில் ஏறினால் கழிவு மீனோடு போகும், அல்லது ‘பாம்பு’ என்று சொல்லி கடலிலேயே வீசப்படும்.

இந்தக் குடும்பத்தின் பெரும்பிரிவு ஒன்றுக்கு வால் நுனியில் துடுப்பு இருக்காது. நுனி கூராகவும் கெட்டியாகவும் இருக்கும். மண்ணுக்குள் இவை பெரும்பாலும் தலையால் நுழைவதில்லை. வாலைக் குத்திப் பின்பக்கமாக இறங்கும். ஓர் ஆணியைப் போல.

ஞாயிறு காலை, சந்தையில்

ஆவணி மாதத்து ஞாயிறு. மீன்காரம்மா 20 ஆண்டுகளுக்கு மேலாக அதே இடத்தில் பலகை போட்டு விற்பவர். அன்று ஏலத்தில் எடுத்த மீன்களில் ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள ஒரு களவா இருந்தது. முதலில் வந்த குடும்பம் வால் பக்கத்துத் துண்டுகள் போதும் என்றது. குடலை எடுக்காமலேயே வாலிலிருந்து துண்டு போட்டுக் கொடுத்தார். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான்.

சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது வாடிக்கையாளர் மீதியைக் கேட்டார். கத்தி வயிற்றுப் பகுதியில் இறங்கியபோது, மீன் துண்டோடு சேர்ந்து கரும்பழுப்பாகத் தோல் போன்ற ஏதோ ஒன்றும் அறுபட்டது. குடல் என்று நினைத்து ஒரு துண்டைக் கழிவு வாளியில் போட்டார். அடுத்த வெட்டில் தலை தெரிந்தது.

வாங்க வந்தவரின் தம்பி செல்போனில் படம் எடுக்கத் தொடங்கினார். மீன்காரம்மா அப்போது சொன்னது வீடியோவிலேயே பதிவாகியிருக்கிறது: “பாம்பு இல்லப்பா இது, மண்ணு விலாங்கு. களவா வயித்துல எப்பவாச்சும் கெடக்கும். தூக்கிப் போட்டுட்டு ஆக்கித் திங்கலாம்.” அன்று முழுவதும் பேசப்பட்டவற்றில் சரியான செய்தி இது ஒன்றுதான். பரவிய வீடியோவில் இந்தப் பகுதி வெட்டப்பட்டிருந்தது.

வீடியோவும் உப்புத்தண்ணீரும்

வீடியோ 40 விநாடி. ‘மீனுக்குள் விஷப்பாம்பு, உஷார்’ என்ற வாசகத்தோடு மதியத்துக்குள் நகரத்தின் பல வாட்ஸ்அப் குழுக்களில் ஏறிவிட்டது. முதல் குடும்பத்தார் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் நேரத்தில் அது அவர்களை எட்டியது. அதே மீன், அதே கடை.

வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய முறைப்படி உப்புத்தண்ணீர் கரைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். பிள்ளைகள் பயந்து அழுதார்கள். பாட்டிக்குத் தலைசுற்றல் வந்தது. ஐந்து பேரும் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். ‘சாப்பிட்ட குழந்தைகள் வாந்தி’ என்ற இரண்டாவது செய்தி அங்கிருந்து கிளம்பியது. வாந்தி எடுக்க வைத்தது வீட்டார்தான் என்பது அந்தச் செய்தியில் இல்லை.

எந்த விஷச் சந்தேகத்திலும் வீட்டில் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகலாம். சிறு பிள்ளைகளுக்கு உப்பு மிகுந்தால் அதுவே தனி ஆபத்து. இந்த நிகழ்வில் உடல் ரீதியாக நேர்ந்த உண்மையான ஆபத்து எது என்று கேட்டால், அந்த ஒரு டம்ளர் உப்புத்தண்ணீர் என்பேன்.

மருத்துவமனை எடுத்த முடிவு

பணி மருத்துவர் இளையவர். வெளியே உறவினர் கூட்டம், ‘விஷமுறிவு ஊசி போடுங்கள்’ என்று வற்புறுத்தல். அவர் போடவில்லை. காரணங்களைப் பின்னர் என்னிடம் வரிசையாகச் சொன்னார்.

பாம்பின் நஞ்சு கடிவாய் வழியாக உடலுக்குள் ஏறினால்தான் வேலை செய்யும். அது புரதம், கொதிக்கும் குழம்பில் கெட்டுப்போகும், மிஞ்சியதும் வயிற்றில் செரிக்கும். ஆகவே மீனுக்குள் கிடந்தது நிஜமாகவே கடல் பாம்பாக இருந்தாலும், சமைத்துச் சாப்பிட்டவருக்கு விஷமுறிவு மருந்து தேவையில்லை. இரண்டாவது, இந்தியாவில் கிடைக்கும் பல்முனை விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. கடல் பாம்புக்கு அது மருந்தே அல்ல. மூன்றாவது, அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுக்கும்.

ஆனால் ‘ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்றும் அவர் அனுப்பவில்லை. களவா போன்ற பெரிய பாறை மீன்களில் வேறொரு நஞ்சு இருக்க வாய்ப்புண்டு. பவளப் பாறையில் ஒட்டி வளரும் நுண்பாசியிலிருந்து சிறு மீன்களுக்கும், அவற்றிலிருந்து பெரிய மீன்களுக்கும் ஏறும் சிகுவாடெரா நஞ்சு அது. சமைத்தாலும் போகாது. உதட்டைச் சுற்றி மதமதப்பு, குளிர்ந்தது சுடுவது போன்ற உணர்வு, வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் அடையாளம். மருத்துவர் இவற்றைத் தனித்தனியாகக் கேட்டார். யாருக்கும் இல்லை. தசை வலி, சிறுநீர் கறுப்பது ஆகியவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஐந்து பேரையும் மறுநாள் காலை வரை படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். பாட்டிக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. அதற்கு மட்டும் மாத்திரை.

கேட்டதைக் கொடுத்து அனுப்புவது அன்று அவருக்கு எளிதாக இருந்திருக்கும். கொடுக்காமல், ஆனால் கூடவே இருந்து பார்த்தது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

என் குரல் பதிவு

மாலை 4 மணி வாக்கில் அந்த மருத்துவரின் நண்பர் வழியாக எனக்கு மூன்று படங்கள் வந்தன. இரண்டு மங்கல். ஒன்றில் தலை பக்கவாட்டில் தெரிந்தது. செதில் இல்லை, கண்ணுக்குக் கீழே, மேல் உதட்டோரம் ஒரு துளை, தலைக்குச் சற்றுப் பின்னால் பிளவு போன்ற ஒரு கோடு. அது செவுள் துளையாக இருந்தால் பாம்பாக இருக்க முடியாது. பாம்புக்குச் செவுள் ஏது?

நான் குரல் பதிவு அனுப்பினேன். 15 விநாடி. “பயப்பட வேண்டாம். இது பாம்பு விலாங்கு, ஒரு மீன்தான்.”

‘பாம்பு விலாங்கு’ என்பது பாடப் பெயர். சந்தையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கேட்டவர்கள் காதில் முதல் சொல்தான் விழுந்தது. ஒரு மணி நேரத்தில் ‘கல்லூரி சாரே பாம்பு என்று உறுதிப்படுத்திவிட்டார்’ என்று செய்தி திரும்பி வந்தது. என் பதிவும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஏற்கெனவே அச்சத்தில் இருப்பவர் ‘பாம்பு’ என்ற சொல்லுக்குப் பிறகு எதையும் கேட்பதில்லை. அன்று மாலை உள்ளாட்சி ஊழியர்கள் வந்து சந்தையிலிருந்த மற்ற மூன்று களவா மீன்கள் மீதும் பிளீச்சிங் பவுடர் கொட்டி அழித்தார்கள். அவை வேறு கடைக்காரர்களுடையவை.

மீன்காரம்மா காலையிலேயே ‘மண்ணு விலாங்கு’ என்று சொன்னதை அப்போது நான் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் அதே சொல்லைச் சொல்லியிருப்பேன். கூட்டத்திலிருந்த எவருக்கும் அது புரிந்திருக்கும். டெல்டாக்காரர்களுக்கு மண்ணில் வளை தோண்டும் விலாங்கு புதிதல்ல. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிசோடோனோபிஸ் போரோ என்ற இனம் கழிமுகங்களிலும், கடலோர வயல்களிலும் வளை தோண்டி வாழ்வது.

தட்டில் வைத்துப் பார்த்தது

மாலை 6 மணிக்குச் சந்தைக்குப் போனேன். மீன்காரம்மா இரண்டு துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் எடுத்து வைத்திருந்தார். நடுத்துண்டு கழிவு வாளியோடு போய்விட்டது. களவாவின் இரைப்பையும் அதே வாளியில்தான் போயிருந்தது. நகராட்சி வண்டி வந்து போய்விட்டது.

கல்லூரி ஆய்வகத்தில் தட்டில் வைத்துக் கழுவினோம். தலையோடு சேர்ந்த துண்டு 21 செ.மீ., வால் துண்டு 26 செ.மீ. இரண்டையும் மெல்லிய சவ்வு ஒன்று உறைபோலச் சுற்றியிருந்தது. சதை சுருங்கி, காய்ந்த தோல் வாரைப் போல இருந்தது. அழுகிய வாடை இல்லை, கருவாட்டு வாடைதான்.

கடல் பாம்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்டினேன். கடல் பாம்பின் வால் துடுப்புக்கட்டை போலத் தட்டையாக இருக்கும்; வலையில் சிக்கும் வலகடியன் என்ற கடல் பாம்பைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். இங்கே வால் உருண்டு ஒடுங்கி, நுனி முள்ளாக முடிந்தது. பாம்புக்கு உடல் முழுக்கச் செதில். இதற்கு ஒன்றுகூட இல்லை. கடல் பாம்பு நுரையீரலால் மூச்சு விடும், நாசித் துளைகள் முகத்தின் மேல்பக்கம் இருக்கும். இங்கே முன்நாசி சிறு குழாய்போல் கீழ்நோக்கி நீண்டிருந்தது, பின்நாசி மேல் உதட்டிலேயே திறந்தது. பின்நாசி உதட்டில் திறப்பது இந்தக் குடும்பத்துக்கு உரிய அடையாளம்.

இது இரைப்பைக்குள் கிடக்கவில்லை, அதற்கு வெளியே உடற்குழியில் கிடந்திருக்கிறது. சவ்வு உறையும், செரிக்காத உடலும் அதற்குச் சான்று. உயிரோடு விழுங்கப்பட்ட விலாங்கு தனக்குப் பழகிய வழியில் தப்பப் பார்க்கிறது: வாலைக் குத்திப் பின்பக்கமாக இறங்குவது. மணலுக்குப் பதில் இரைப்பைச் சுவர். துளைத்து வெளியே வந்தால் அடைபட்ட உடற்குழி. அதற்கு மேல் வழி இல்லை, செத்துப்போகிறது. அங்கே செரிமான நீர் கிடையாது. களவாவின் உடல் அந்தப் பிணத்தைச் சுற்றித் திசுவால் உறை கட்டிவிட்டு, தன் பாட்டுக்கு வாழ்கிறது. 1934இலேயே நியூயார்க் நீர்வாழ் காட்சியகத்தைச் சேர்ந்த சார்லஸ் பிரீடர், ராஸ் நைக்ரெல்லி இருவரும் ஒரு களவாவின் இரைப்பையைப் பாம்பு விலாங்கு துளைத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் கடல் மீன்களிலும் இப்படி உலர்ந்த விலாங்குகள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

நம் மீனில் இரைப்பை இல்லாததால், அதன் சுவரில் ஆறிய தழும்பு இருந்ததா என்று பார்க்க முடியவில்லை. எனவே ‘துளைத்து வந்தது’ என்பது இந்த நிகழ்வைப் பொறுத்தவரை ஊகம்தான். வலுவான ஊகம், ஆனாலும் ஊகம்.

இரவாகிவிட்டது. துண்டுகள் கெட்டுப்போகும் என்ற பதற்றத்தில் இரண்டையும் ஃபார்மலினில் போடச் சொன்னேன். இது என் இரண்டாவது தவறு. அதன் விலை அடுத்த வாரம் தெரிந்தது.

தரங்கம்பாடி ஆசை

திங்கட்கிழமை என் முதுகலை மாணவர் ஒருவர் ஓடிவந்தார். கையில் ஒரு பெயர்: கீகுலா டெரிஜெரா.

அந்தப் பெயருக்குப் பின்னால் நம் கரை இருக்கிறது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கிருந்து செடிகளும் சிப்பிகளும் மீன்களும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் அனுப்பிய மீன்களைப் பார்த்துத்தான் பெர்லினில் பிளாக் என்ற மீனியலாளர் நம் கத்தாழை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு, ‘ஜானியஸ்’ என்று பெயர் வைத்தார். அதே தரங்கம்பாடியிலிருந்து போன ஓர் ஒல்லியான விலாங்கை வைத்து 1794இல் கோபன்ஹேகனில் மார்ட்டின் வால் என்ற தாவரவியலாளர் கீகுலா என்ற புதிய பேரினத்தை அமைத்தார். லத்தீனில் ‘குருடு’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கண் அவ்வளவு சிறிது. பின்னாளில் எங்கெங்கோ பிடிபட்ட பல இனங்கள் இந்தப் பேரினத்துக்குள் தள்ளப்பட்டு, பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுக்கப்பட்டன. தரங்கம்பாடியிலிருந்து போன அந்த மூல இனத்தைப் பற்றி எழுதப்பட்டிருப்பது சொற்பம்.

எங்கள் தட்டில் இருந்ததோ சுருங்கிய உடல், கடுகளவு கண், துடுப்பே தெரியாத முதுகு. பிடிபட்ட துறைமுகமும் தரங்கம்பாடிக்குப் பக்கம்தான். 200 ஆண்டுக்கு முன்பே பெயரிடப்பட்ட மீன், களவா வயிற்றிலிருந்து மறுபடி வெளிவருகிறது என்றால் எந்தப் பத்திரிகையும் போடும். அன்று பிற்பகல் முழுக்க நானும் அந்த ஆசையில்தான் இருந்தேன். ஒரு செய்தியாளர் தொலைபேசியில் கேட்டபோது பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. முந்திய நாள் குரல் பதிவு பட்ட பாடு நினைவுக்கு வந்தது. ‘புதன்கிழமை சொல்கிறேன்’ என்றேன்.

செவ்வாய்க்கிழமை மாணவரையே லென்ஸை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். சவ்வை ஊசியால் நீக்கியபோது செவுள் துளைக்குப் பின்னால் ஒட்டிக் காய்ந்த சிறு மடல் ஒன்று பிரிந்தது. மார்புத் துடுப்பு. கீகுலாவுக்கு மார்புத் துடுப்பு கிடையாது. வாயைத் திறந்து பார்த்தால் பல்லெல்லாம் மழுங்கி, கேழ்வரகைப் பல வரிசையாகப் பதித்தது போல இருந்தது. நண்டு ஓட்டை நொறுக்கும் பல். இது பிசோடோனோபிஸ் பேரினத்தின் பல். கண் சிறுத்ததும் துடுப்பு மறைந்ததும் உடல் உலர்ந்ததால் வந்த தோற்றம். சந்தையில் ஒருவர் நீளத்தைப் பார்த்துப் பாம்பு என்றார். நாங்கள் சுருக்கத்தைப் பார்த்துக் கீகுலா என்றோம்.

எக்ஸ்ரே

பாம்பு விலாங்குகளை இன அளவில் பிரிக்க முதுகெலும்புக் கண்ணிகளை எண்ணுவார்கள்: முதுகுத் துடுப்பு தொடங்கும் வரை எத்தனை, மலத்துளை வரை எத்தனை, மொத்தம் எத்தனை. வெளித்தோற்றம் ஏமாற்றும், எண்ணிக்கை அவ்வளவாக ஏமாற்றாது. தெரிந்த ஒரு ஸ்கேன் மையத்தில் கடை மூடும் நேரத்தில் இரண்டு துண்டுகளையும் எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தார்கள். தொண்டைப் பகுதியில் மெல்லிய எலும்புக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடை முடைந்தது போல விழுந்திருந்தன. இந்தக் கூடையும் இக்குடும்பத்தின் முத்திரைதான். குடும்பம் பற்றி இனி ஐயமில்லை.

முன்துண்டில் 38 கண்ணிகள், வால் துண்டில் 71. நடுத்துண்டு இல்லாததால் மொத்தம் என்ற எண்ணே கிடையாது. மலத்துளையும் போன துண்டில்தான் இருந்திருக்க வேண்டும்.

மிஞ்சியது முதுகுத் துடுப்பின் தொடக்கம். பிசோடோனோபிஸ் காங்கிரிவோரஸ் என்ற இனத்தில் அது மார்புத் துடுப்புக்கு நேர் மேலே தொடங்கும். முன்பு சொன்ன போரோவில் நன்றாகப் பின்தள்ளித் தொடங்கும். காங்கிரிவோரஸ் என்றால் நண்டுதின்னி. எக்ஸ்ரேயில் துடுப்பைத் தாங்கும் நுண்ணெலும்புகள் மார்புத் துடுப்புக்கு மேலேயே தொடங்குவதாக எனக்குப் பட்டது. மாணவருக்கு இன்னும் பின்னால் தொடங்குவதாகப் பட்டது. மனிதக் கை கால்களுக்கான கருவி. மீன் எலும்புக்கு அதன் கூர்மை போதாது. வகைப்பாட்டு அனுபவம் உள்ள ஒருவருக்குப் படங்களை அனுப்பினோம். பேரினம் வரை ஒப்புக்கொண்டார், அதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை.

மரபணுச் சோதனை தீர்த்திருக்கும். ஒரு துளி சதையை எத்தனாலில் போட்டு வைத்திருந்தால் போதும். ஃபார்மலின் மரபணு இழைகளைப் பிணைத்தும் துண்டாக்கியும் விடுகிறது. இரண்டு நாள் ஊறிய திசுவை எடுத்துக்கொள்ள ஆய்வகம் தயங்கியதில் நியாயம் உண்டு.

புதன்கிழமை செய்தியாளருக்குக் கொடுத்தது மூன்று வரி: அது பாம்பு அல்ல, மண் விலாங்கு, அதைச் சாப்பிட்ட மீனால் கெடுதல் இல்லை, என்ன இனம் என்று சொல்லும் அளவுக்கு உடல் மிஞ்சவில்லை. உள்பக்கத்தில் சிறு பெட்டிச் செய்தியாக வந்தது. கீகுலா என்று சொல்லியிருந்தால் முதல் பக்கம்.

கடை

முதல் குடும்பம் நலம். பிள்ளைகள் மட்டும் சில மாதம் மீனைத் தொடவில்லை என்று கேள்வி. இரண்டாவது வாடிக்கையாளர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வீடியோ எடுத்த தம்பி, நான் கேட்டுக்கொண்டபின், ‘மண் விலாங்கு’ என்று அந்த அம்மா சொன்ன பகுதியையும் சேர்த்து முழுப் பதிவை மறுபடி போட்டார். முதல் வீடியோ போன வேகத்தில் அது போகவில்லை.

மீன்காரம்மா 11 நாள் கடை போடவில்லை. ஏலத்தில் எடுத்த மீனுக்குத் தண்டல்காரரிடம் வாங்கிய காசு, தினமும் கட்ட வேண்டியது, நின்றது. பிறகு புரட்டாசி பிறந்துவிட்டது. அந்த மாதம் எப்படியும் பாதி ஊர் கவுச்சி தொடாது. ஆகவே வதந்தியால் போனது எவ்வளவு, மாதத்தால் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை. அந்த மாதம் கருவாடு விற்றார். ஐப்பசியில் பழைய இடத்துக்கே வந்தார். களவா மட்டும் நெடுநாள் எடுக்கவில்லை.

மீனைப் பறிகொடுத்த மற்ற மூன்று கடைக்காரர்களுக்கு எந்த ஈடும் கிடைக்கவில்லை. அழிப்பதற்கு முன் யாரும் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை என்பதால், கேட்பதற்கும் அவர்களிடம் காகிதம் இல்லை.

மறுமுறை என்றால்

ஞாயிறு மாலையே ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டு அந்த அம்மா கையில் கொடுத்திருக்க வேண்டும். குரல் பதிவு எப்படியும் வெட்டப்படும். பலகையில் ஒட்டி வைத்த தாளை வெட்ட முடியாது. அதில் ‘பாம்பு’ என்ற சொல்லே வரக்கூடாது. மறுத்துச் சொல்வதற்குக்கூட. மண் விலாங்கு என்றால் போதும்.

பொருளைக் கையாளும் வரிசையும் மாற வேண்டும். முதலில் அளவுகோலோடு படம். அடுத்து வால் பக்கத்திலிருந்து சிறு சதைத் துண்டு எத்தனாலில். அதற்குப் பிறகுதான் ஃபார்மலின். ஆய்வகத்தில் எத்தனால் இல்லையென்றால் ஐஸ் பெட்டி போதும், அவசரமே இல்லை. எத்தனை நாளாகவோ மீன் வயிற்றில் கெடாமல் கிடந்த உடல், இன்னும் ஓர் இரவு கிடந்திருக்கும்.

மருத்துவமனை தரப்பில் மாற்ற வேண்டியதாக எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. வெளியே நிற்கும் கூட்டத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து நிலைமையைச் சொல்லியிருக்கலாம். அந்த வெற்றிடத்தில்தான் ‘குழந்தைகள் வாந்தி’ வளர்ந்தது. ஆனால் இருந்தது ஒரே மருத்துவர், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. எதிர்பார்ப்பது எளிது, செய்வது கடினம்.

வெட்டும் முறையை மீன்காரம்மா தானே மாற்றிக்கொண்டார். பெரிய மீன் எதுவானாலும் வாடிக்கையாளர் கண்ணெதிரே முதலில் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகே துண்டு போடுகிறார்.

சீசா இப்போது ஆய்வக அலமாரியில் இருக்கிறது. சீட்டில் ‘பிசோடோனோபிஸ்’ என்று மையிலும், அதற்குப் பக்கத்தில் ‘காங்கிரிவோரஸ்?’ என்று பென்சிலிலும் எழுதியிருக்கிறோம். இன்னொன்று கிடைத்தால் வெட்டாமல், இரைப்பையோடு சேர்த்து எடுத்து வைக்கும்படி அந்த அம்மாவிடம் சொல்லி, ஐஸ் செலவுக்கு என்று கொஞ்சம் பணமும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஒரே நிபந்தனை: “நீங்க மட்டும் வாங்க சார். கூட போனைத் தூக்கிக்கிட்டு யாரும் வரக்கூடாது.” இதுவரை அழைப்பு வரவில்லை.